திரையில் கோடு, நினைவகத்தில் பிழை: பழைய வீட்டுக் கணனியைச் சோதிக்கும் முறை



பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைக்கும் கணனி ஒன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு மூலையில் இருக்கவே செய்கிறது. பிள்ளைகள் மடிக்கணனிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறிவிட்டார்கள். ஆனால் அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் பிரதிகள், பழைய வரிக் கணக்குகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. அது ஒருநாள் திரையில் கோடு கோடாகக் காட்டத் தொடங்கினால் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, பழசாகிவிட்டது என்று தூக்கி எறிகின்றனர். அல்லது விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுகின்றனர். இரண்டுமே அவசரமான காரியங்கள். நோய் எங்கே என்று அறியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. அதை வீட்டிலேயே, பெரிய செலவின்றி அறிவது எப்படி என்பதே இம்முறைப் பாடம்.

ஒரு பற்றுச்சீட்டின் கதை

சங்கத்தின் அலுவலகக் கணனியில் எமக்கு நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். இங்கு கனடாவில் நன்கொடையாளர்களுக்கு வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு அனுப்பும் காலம் பெப்ரவரி மாதம். ஒரு குடும்பத்தினர் திருவிழாவுக்கு 501 டொலர் கொடுத்திருந்தனர். அவர்களுக்குப் போன சீட்டில் 101 டொலர் என்று இருந்தது. 101, 501 இரண்டுமே நம்மவர் வழமையாகக் கொடுக்கும் தொகைகள். ஆகவே பட்டியலைச் சரிபார்த்தவர் எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

குடும்பத் தலைவர் சீட்டுடன் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "மிச்சம் நானூறும் எங்கே போனது?" என்று மட்டும் கேட்டார். பட்டியலைத் தட்டச்சுச் செய்தவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை, தொண்டராக வந்தவர். அறையில் இருந்த நாம் எல்லோரும் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தோம். எவரும் வாய் திறக்கவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் காபன் பிரதியில் 501 என்றே இருந்தது. செப்டெம்பரில் அச்சிட்டு வைத்த பட்டியலிலும் 501 என்றே இருந்தது. அப்படியானால் அந்தப் பிள்ளை சரியாகத்தான் பதிந்திருக்கிறார். செப்டெம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில், யாரும் தொடாத ஓர் இலக்கம் கணனிக்குள் மாறியிருக்கிறது. அதே கணனியின் திரையில் சில வாரங்களாகச் சிறு சதுரங்கள் மின்னி மறைந்தன என்பது அப்போதுதான் எமக்கு நினைவுக்கு வந்தது. "பழசு, அப்படித்தான்" என்று விட்டிருந்தோம்.

ஐந்து எப்படி ஒன்றாகும்?

கணனி ஒரு கோப்பைத் திறக்கும்போது அதை வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு, அதாவது ரேமுக்கு, கொண்டுவருகிறது. வன்தட்டு அலமாரி என்றால் ரேம் மேசை. வேலையெல்லாம் மேசையில் நடக்கிறது. சேமிக்கும்போது மேசையில் இருப்பது அப்படியே அலமாரிக்குத் திரும்புகிறது. பட்டியலில் புதிய பெயர் ஒன்றைச் சேர்த்துச் சேமித்தால், பழைய பெயர்கள் அத்தனையும்கூட மேசைக்கு வந்துதான் திரும்பிப் போகின்றன.

இன்றைய ரேமின் அடிப்படை அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் 1968ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச்சிறிய மின்தேக்கி. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பிட்டை வைத்திருக்கும். மின்தேக்கியில் மின்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு அது 1 அல்லது 0 ஆகிறது. அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வழமையாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு பிட்டையும் கணனி வாசித்துத் திரும்ப நிரப்புகிறது. கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் நிரப்பி முடிக்கும் வேலை இது. கோடிக்கணக்கான அறைகளில் ஒன்று பழுதாகி, நிரப்புவதற்குள் கசிந்துவிட்டால் 1 என்பது 0 ஆகிவிடும்.

இனி நம் கதைக்கு வருவோம். சாதாரண எழுத்துக் கோப்பில் 5 என்ற இலக்கம் 00110101 என்று எழுதப்படுகிறது. 1 என்ற இலக்கம் 00110001. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது இடத்தில் மட்டுமே வேறுபாடு. ஒரேயொரு பிட் கசிந்தால் 501 என்பது 101 ஆகிவிடும். கணனி எச்சரிக்கை தராது, ஏனெனில் 101 என்பதும் அதற்குச் சரியான இலக்கமே.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதன்று. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் நிறுவனத்தின் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் கணனிகளில் இருந்த ரேம் தகடுகளில் 8 வீதத்துக்கும் மேலானவை ஓர் ஆண்டில் குறைந்தது ஒரு பிழையையாவது காட்டின. அந்தக் கணனிகளில் பிழையைத் தாமே கண்டு திருத்தும் சிறப்பு ரேம் இருந்தது. நம் வீட்டுக் கணனிகளில் பெரும்பாலும் அது இல்லை.

ரேம் பழுதானால் திரை ஏன் குழம்புகிறது?

வீட்டுக் கணனிகள் பலவற்றில் தனியான கிரபிக்ஸ் அட்டை கிடையாது. படம் வரையும் பகுதி பிரதான சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தனக்கென நினைவகம் இல்லாத அது, பொது ரேமில் ஒரு பங்கைக் கடனாக எடுத்துக்கொள்கிறது. திரையில் நாம் காண்பதெல்லாம் அந்தப் பங்கில் எழுதப்பட்டவையே. பழுதான அறைகள் அந்தப் பங்கில் விழுந்தால் நிறப்புள்ளிகளும் சதுரங்களும் தோன்றும். வேறிடத்தில் விழுந்தால் உங்கள் கோப்பில் விழும்.

ஆகவே திரையில் தெரியும் கோளாறு சிலவேளை வெறும் கண்ணுறுத்தல், சிலவேளை ஓர் எச்சரிக்கை. எது என்று பிரித்தறிவதே முக்கியம்.

முதல் வேலை: இருப்பதைக் காப்பாற்றுவது

சோதனை தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். சந்தேகமான கணனியில் கோப்புகளைத் திறந்து திருத்திச் சேமிப்பதை உடனே நிறுத்துங்கள். படங்களைத் திருப்பி, வெட்டிச் சேமிப்பதும் வேண்டாம்.

பிரதி எடுக்க மிக நல்ல வழி, வன்தட்டைக் கழற்றி நல்ல கணனி ஒன்றில் யூஎஸ்பி இணைப்பி மூலம் பொருத்தி எடுப்பது. அது முடியாவிட்டால் புதிய யூஎஸ்பி தட்டொன்றில் எடுங்கள். ஏற்கனவே வைத்திருக்கும் பழைய பிரதியின்மேல் ஒருபோதும் எழுதாதீர்கள். பழுதான ரேம் வழியாகப் போன பிரதி கெட்டிருக்கலாம். நல்லதை அழித்துவிட்டுக் கெட்டதை வைப்பதாக முடிந்துவிடும்.

எடுத்த பிரதியை வேறு கணனியில் திறந்து பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தால் மனம் தளர வேண்டாம். பிரதி எடுக்கும்போதுதான் அது கெட்டிருக்கக்கூடும். மூலப்படம் வன்தட்டில் நன்றாக இருக்கலாம். ரேமைச் சரிசெய்தபின் மீண்டும் பிரதி எடுங்கள்.

திரைக் கோளாறு: ஐந்து சோதனைகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒரு கொப்பியில் நாளும் நேரமும் இட்டுக் குறித்து வாருங்கள்.

1. கேபிளைக் கழற்றி இரு முனைகளையும் இறுக்கமாகப் பொருத்துங்கள். முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். 1987இல் வந்த விஜிஏ வகைக் கேபிள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் கொண்டுபோகிறது. வெள்ளைத் திரை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. ஊதாச் சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. இவை கேபிளில் அல்லது அதன் முனையில் உள்ள கோளாறாகவே பெரும்பாலும் இருக்கும்.

2. மொனிற்றரிலேயே உள்ள பொத்தானை அழுத்தி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டியலை வரவழையுங்கள். அந்தப் பட்டியலை மொனிற்றர் தானே வரைகிறது, கணனி அன்று. அதிலும் கோடு விழுந்தால் குறை மொனிற்றரில். பட்டியல் தெளிவாக இருந்து மற்றவை குழம்பினால் குறை கேபிளில் அல்லது கணனியில்.

3. கோளாறு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதை வேறு கணனியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்து பாருங்கள். அங்கும் கோளாறு தெரிந்தால் அது கணனிக்குள்ளேயே உருவானது. அங்கே சுத்தமாக இருந்தால் படம் கணனியை விட்டு வெளியேறும் வழியில் ஏதோ தவறு.

4. கணனியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் வருமுன் தோன்றும் தயாரிப்பாளரின் முதல் திரையிலேயே கோளாறு இருந்தால் மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. விண்டோஸ் வந்தபின் மட்டும் தோன்றினால் கிரபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றிப் பாருங்கள்.

5. இயக்கியவுடன் நன்றாக இருந்து, அரை மணி நேரத்தின்பின் குழம்புகிறதா? பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைப் பாருங்கள். சூடேறுவதே காரணமாக இருக்கலாம். மடிக்கணனியில் மூடியை அசைக்கும்போது மட்டும் மின்னினால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். நிலவறையில் பழைய குழாய் மொனிற்றர் வைத்திருப்பவர்கள் அதையும் திறக்கக் கூடாது. நிறக் குழாய்களில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் பயன்பட்டது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அது தங்கியிருக்கலாம்.

எழுத்துக் குழப்பம் கணனிக் கோளாறன்று

பலர் அஞ்சும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தமிழ்க் கடிதத்தை அல்லது மலரைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. "கணனி கெட்டுவிட்டது" என்கிறார்கள். கெடவில்லை. அவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு கணனியில் இல்லாததால் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது என்றாலும், அது நம் வீடுகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. பழைய எழுத்துருவை ஏற்றினால், அல்லது யுனிகோடாக மாற்றினால், எழுத்து திரும்பி வரும். இப்படிப்பட்ட கோப்புகளை அழித்துவிடாதீர்கள். நம்மவர் எழுதிய எத்தனையோ அஞ்சலிக் குறிப்புகளும் சங்க அறிக்கைகளும் அவற்றில் உள்ளன.

ரேமைச் சந்தேகிப்பது எப்போது?

ரேம் கோளாறின் அடையாளம், ஒவ்வொரு முறையும் வேறுவேறு விதமாகத் தோன்றுவது. இன்று ஒரு செயலி மூடும். நாளை நீலத் திரை வரும், மறுநாள் வேறு செய்தியுடன் வரும். பெரிய கோப்பைச் சுருக்கினால் விரிக்க முடியாது, மீண்டும் முயன்றால் விரியும். இதற்கு மாறாக, எப்போதும் அதே கோப்பு மட்டும் திறக்க மறுத்தால், அல்லது கணனி மிக மெதுவாகி உள்ளே 'டிக் டிக்' என்ற ஓசை கேட்டால், சந்தேகம் வன்தட்டின்மேல் விழ வேண்டும். இயக்கியதும் திரை வராமல் 'பீப்' ஓசைகள் மட்டும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் ரேமும் ஒன்று.

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. தேடும் கட்டத்தில் விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கணனி மீண்டும் தொடங்கி, தன்னைத்தானே சோதித்து, முடிவைச் சொல்லும். இதைவிடக் கடுமையானது மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள். அதை நல்ல கணனி ஒன்றில் யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அந்தக் குச்சியிலிருந்து சந்தேகக் கணனியை இயக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் தொடங்கிவிட்டுக் காலையில் பாருங்கள். குறைந்தது நான்கு சுற்றாவது ஓடட்டும். ஒரேயொரு பிழை காட்டினாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. எமது சங்கக் கணனி முதற் சுற்றில் ஒன்றும் காட்டவில்லை. விடியும்போது திரையில் சிவப்பு வரிகள் இருந்தன.

எந்தத் தகடு? எந்த ஸ்லொட்?

பிழை இருப்பது தெரிந்தபின் அது தகட்டிலா, தகடு நிற்கும் ஸ்லொட்டிலா என்று பிரிக்க வேண்டும்.

கணனியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மடிக்கணனி என்றால் பற்றரியையும் கழற்றுங்கள். கனடாக் குளிர்காலத்தில் வீட்டை வெப்பமூட்டுவதால் காற்று உலர்ந்து போகிறது. கம்பளத்தில் நடந்தபின் கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிப்பது எல்லோரும் அறிந்தது. அந்தப் பொறி ரேமைக் கொன்றுவிடும். ஆகவே கம்பளம் இல்லாத அறையில், மரமேசையில் வைத்து, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டபடி வேலை செய்யுங்கள்.

தகடுகளுக்கு அ, ஆ என்று சிறு சீட்டு ஒட்டுங்கள். பக்கத் தாழ்ப்பாள்களைத் திறந்து, ஓரத்தைப் பிடித்து வெளியே எடுங்கள். பொன்னிற முனைகளைத் தொடாதீர்கள். அழுக்கிருந்தால் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அதன் துகள்கள் ஸ்லொட்டுக்குள் போய்விடும், வேண்டாம்.

இப்போது அ தகட்டை மட்டும் முதல் ஸ்லொட்டில் வைத்துச் சோதியுங்கள். பின் ஆ தகட்டை மட்டும் அதே ஸ்லொட்டில் வையுங்கள். ஒன்று தேறி மற்றது தவறினால் குற்றவாளி தவறிய தகடு. இரண்டும் தவறினால், இரண்டையும் இரண்டாவது ஸ்லொட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே இரண்டும் தேறினால் குறை முதல் ஸ்லொட்டில். எங்கு வைத்தாலும் இரண்டும் தவறினால் மதர்போர்ட்டை அல்லது மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். கழற்றிப் பொருத்தியதிலேயே எல்லாம் சரியாகிவிடுவதும் உண்டு. வெறும் தொடுப்புத் தளர்ச்சியாக இருந்திருக்கும்.

புதிய தகடு வாங்கும்போது வகை பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.2 வோல்ட். உள்ளே போக மறுத்தால் பலம்போட்டு அழுத்தாதீர்கள். பழைய தகட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது.

எப்போது விடைகொடுப்பது?

மதர்போர்ட்டில் நிற்கும் சிறு உருளை மின்தேக்கிகளின் தலை வீங்கியோ கசிந்தோ இருந்தால், கணனியின் காலம் முடிகிறது என்று கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணனியில் வங்கி வேலை செய்ய வேண்டாம். ஆனால் ரேம் நன்றாக இருந்தால் லினக்ஸ் ஏற்றி, பிள்ளைகள் தமிழ் தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம். ரேம் கெட்ட கணனியை யாருக்கும் தானமாகக் கொடுக்காதீர்கள். எறிவதானால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, மின்கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

முடிவாக

சங்கக் கணனியில் ஆ தகடு பழுது. அதை மாற்றினோம். பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எடுத்து, பட்டியலை முதலிலிருந்து வரிவரியாக ஒப்பிட்டோம். மேலும் இரண்டு இடங்களில் எழுத்து மாறியிருந்தது. ஒன்றில் ஒருவரின் தெருப்பெயர், மற்றதில் ஒரு தொலைபேசி இலக்கம். அந்தக் குடும்பத்துக்குத் திருத்திய சீட்டு அனுப்பினோம். பின்னர் பொருளாளர் ஐயாவும் நாமும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். "பிள்ளை, நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பிழை எங்களில்" என்றார் ஐயா. பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தத் திரை மின்னுது என்று நான் மார்கழியிலேயே சொன்னேன், ஐயா" என்றார். சொன்னது உண்மை. நாம்தான் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு மாத முடிவிலும் பட்டியலை அச்சிட்டுக் கையொப்பமிட்டு வைக்கிறோம். கணனிப் பிரதிகள் இரண்டு, வேறுவேறு இடங்களில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படிச் செய்யுங்கள். கணக்கில் பிழை கண்டால் ஆளைப் பார்க்குமுன் காகிதத்தைப் பாருங்கள், கணனியையும் சோதியுங்கள்.

பிள்ளைகளுக்கான பயிற்சி

1. 0 என்ற இலக்கம் 00110000, 8 என்ற இலக்கம் 00111000. எத்தனை பிட் மாறினால் 0 என்பது 8 ஆகும்?
2. மொனிற்றரின் சொந்தப் பட்டியல் தெளிவாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் திரையில் கோடு தெரிகிறது. குறை எங்கே இருக்க முடியாது?
3. அ தகடு இரண்டு ஸ்லொட்டிலும் தேறுகிறது. ஆ தகடு இரண்டிலும் தவறுகிறது. எதை மாற்ற வேண்டும்?

விடைகளை வீட்டில் பெரியவர்களுடன் பேசிக் கண்டுபிடியுங்கள். அப்படியே வீட்டுக் கணனியில் உள்ள படங்களுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள்.